நாலு மணிப் பசி

லண்டன் நகரப் பஸ் நிர்வாகத்தார் தங்கள் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் சீருடை தைத்துக் கொடுப்பதற்காக எழுதி வைத்திருந்த அளவுப் பதிவேடுகள் வைத்திய சாஸ்திரத்துக்கு என்றேனும் பிரயோஜனப்படும் என்று, அவற்றை எழுதியவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். 1956ஆம் ஆண்டில் ஜெரி மாரிஸ் என்ற வைத்திய ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் அந்தப் பதிவேடுகளைப் புரட்டி, கால்சட்டைகளின் இடுப்பளவை வயதுவாரியாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எந்த வயதை எடுத்துக்கொண்டாலும் டிரைவரின் கால்சட்டை கண்டக்டரின் கால்சட்டையைவிட அகலமாகவே இருந்தது; இருபதுகளிலுள்ள வாலிபர்களிடையேகூட அந்த வித்தியாசம் புலப்பட்டது.

உட்கார்ந்திருப்பவன் பருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். இதற்கு மூன்று வருஷங்களுக்கு முன், 1953ல், ‘லான்செட்’ பத்திரிகையில் மாரிஸ் வெளியிட்டிருந்த முடிவோடு சேர்த்துப் படித்தால்தான் இதன் முக்கியத்துவம் விளங்கும். லண்டன் போக்குவரத்தில் வேலை பார்த்த சுமார் 31,000 ஆண்களை ஆராய்ந்து, நாள் முழுவதும் உட்கார்ந்தே வண்டி ஓட்டும் டிரைவர்களைவிட, இரண்டடுக்குப் பஸ்ஸின் படிகளில் தினந்தோறும் ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள் வரை ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக வருகிறது என்றும், வந்தாலும் அத்தனை உக்கிரமாக இருப்பதில்லை என்றும் அவர் காட்டியிருந்தார். தபால் இலாகாவிலும் இதே கதைதான்: நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோன தபால்காரர்களைவிட, அதே இலாகாவில் மேஜைக்கு முன் அமர்ந்திருந்த குமாஸ்தாக்களும் டெலிபோன் ஊழியர்களும் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். நாற்காலி இருதயத்துக்குச் சத்துரு என்ற எண்ணம் விஞ்ஞான அந்தஸ்துப் பெற்றது அப்போதிலிருந்துதான். ஆனால் இருபதுகளிலேயே டிரைவரின் இடுப்பு அகலமாக இருக்கிறது என்றால், ஆசனம் அவனைப் பருக்க வைத்ததா, அல்லது ஏற்கெனவே பருத்த தேகமும் அசைய விரும்பாத சுபாவமும் உள்ளவன்தான் ஆசனத்தைத் தேடி வந்தானா? தம் பிரசித்தமான முடிவின் மேலேயே இத்தகைய சந்தேகத்தைத் தாமே எழுப்பிய அந்த மனிதரின் நேர்மையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

காரியாலயங்களில் வேலை பார்ப்பவர்களை நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இருதய நோய் முதலிய வாழ்க்கைமுறை நோய்களிலிருந்து தம்மைத் தாமே காத்துக்கொள்ளத் தூண்டுவது எது என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சந்தேகத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்காக ‘வெல்னஸ்’ என்ற பெயரில் உடற்பரிசோதனை, உடற்பயிற்சி வகுப்பு, புகை நிறுத்தும் ஆலோசனை எல்லாம் வெகு காலமாக நடத்தி வருகின்றன. 2010ஆம் ஆண்டில் காத்தரின் பெய்க்கர் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்களும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து, இத்தகைய திட்டங்களில் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 3.27 டாலர் வைத்தியச் செலவு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார்கள். நிர்வாகிகளுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன வேண்டும்? திட்டத்தில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்பது மெய்யே. சேர்ந்ததனால் ஆரோக்கியமானார்களா, ஆரோக்கியமானவர்களாக இருந்ததனால் சேர்ந்தார்களா என்பதைத்தான் அந்த ஆய்வுகளில் பல சரியாகப் பிரித்துப் பார்த்திருக்கவில்லை.

பிரித்துப் பார்த்தது இல்லினாய் பல்கலைக்கழகம். 2016ல் தன் ஊழியர்களில் 4,834 பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் திட்டத்தைத் திறந்துவிட்டு, மறு பகுதியினரைச் சும்மா விட்டுவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு யார் எத்தனை முறை போனார், ஊரில் நடந்த ஓட்டப் பந்தயத்தில் யார் ஓடினார் என்பதுவரை கணக்கெடுத்தார்கள். தாமாக வந்து கலந்துகொண்டவர்களைக் கலந்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட்டபோது பழைய ஆய்வுகள் சொன்ன நன்மைகள் எல்லாம் தப்பாமல் தென்பட்டன. குலுக்கலில் பிரித்த இரு பகுதியினரையும் முழுமையாக ஒப்பிட்டபோது அவற்றில் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. வந்தவர்கள் திட்டம் தொடங்குவதற்கு முன்பே குறைவாக வைத்தியச் செலவு செய்தவர்கள், முன்பே ஓடிக்கொண்டிருந்தவர்கள். பணம் ஆட்களை அழைத்து வந்தது உண்மை. ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. பரிசோதனைக்கு வருவதற்குப் பரிசு இல்லாதபோது 100க்கு 47 பேரும், 100 டாலர் என்றபோது 59 பேரும் வந்தார்கள்; அதை இரட்டிப்பாக்கியும் 63 பேருக்கு மேல் வரவில்லை. 2019ல் பெய்க்கர் தாமே மற்றொருவரோடு சேர்ந்து, ஒரு வியாபார நிறுவனத்தின் 160 கிளைகளில், சுமார் 33,000 ஊழியர்களை வைத்துச் செய்த பெரும் பரிசோதனையிலும் எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு, வைத்தியச் செலவு எதிலும் ஒன்றரை வருஷத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தாம் முன்பு போட்ட கணக்கைத் தாமே மறுபடியும் சோதித்துப் பார்க்கும் இத்தகைய காரியம் கல்வி உலகில் அடிக்கடி நிகழ்வதன்று.

ஆகவே கேள்வியைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தானாக வருகிறவனைப் பற்றி நமக்குக் கவலை வேண்டாம்; வராதவனை வரவழைப்பது எது?

அறிவு என்பது உடனே தோன்றும் பதில். 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகாவினர், காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளை வாசலுக்கே அனுப்பி, ஒரு காசு வாங்காமல் படம் பிடித்துத் தருவதாகச் சொல்லியும் ஜனங்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. ஏன் என்று ஆராயப் புகுந்த காட்ஃப்ரே ஹொக்பாம் என்ற மனவியல் அறிஞர், வேறொரு கேள்வியையும் கேட்டார்: வந்தவர்கள் ஏன் வந்தார்கள்? தமக்கும் அந்த வியாதி வரக்கூடும், அதுவும் ஓர் அறிகுறியும் இல்லாமலே வந்திருக்கக்கூடும் என்றும், முன்கூட்டியே அறிந்தால் பயன் உண்டு என்றும் இரண்டையும் நம்பியவர்களில் 100க்கு 82 பேர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 பேரே. வியாதியைப் பற்றிய அறிவு வேறு, அது ‘எனக்கு’ வரும் என்ற பிரக்ஞை வேறு. பின்னதை உண்டாக்குவது, பிரசங்கத்தால் ஆகிற காரியமாக இல்லை. பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால், அந்த வாரம் முழுவதும் காரியாலயத்தில் பாதிப் பேர் விடியற்காலையில் ‘வாக்கிங்’ போகிறார்கள். மறு மாதம் அவர் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வேலைக்குத் திரும்பியதும், பயமும் அவரோடு சேர்ந்தே குணமாகிவிடுகிறது.

நீரிழிவைப் பொறுத்தவரை இந்தப் பிரக்ஞை உண்டாவது மிகவும் கடினம். தேகத்தின் அமைப்பே அப்படி. ஒரு தசை சுருங்கும்போதெல்லாம், இன்சுலினின் உத்தரவை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தனக்குள் இழுத்துக்கொள்ள வல்லது. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருப்பவை; அவற்றின் மேலேயே எட்டு மணி நேரம் நாம் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காரியம் நின்றுவிட, பாரம் முழுவதும் இன்சுலின் மேல் விழுகிறது. நாளடைவில் தசையும் ஈரலும் இன்சுலினின் சொல்லை முன்போல் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து சமாளிக்கிறது. கைகால்கள் மெலிந்திருக்கையிலேயே வயிற்றில் கொழுப்புச் சேரும் உடல்வாகு நம் தேசத்தாருக்கு அதிகமாக இருப்பதால், சட்டைக்கு மேல் தெரியாத தொப்பையே இதற்குப் போதுமானதாகிறது. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும் வருஷங்களில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, லீவு போட வேண்டிய அவசியமும் இல்லை. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என்றும், 13.6 கோடிப் பேர் அதன் முந்திய நிலையில் இருக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. அந்தப் பதின்மூன்றரைக் கோடிப் பேருக்கும் உடம்பு ஒரு சமிக்ஞையும் தருவதில்லை.

சமிக்ஞை தருவது காகிதம் ஒன்றே. வருஷாந்தர ‘மாஸ்டர் செக்கப்’ ரிப்போர்ட் வந்ததும், நாற்பது வயதைத் தாண்டிய ஓர் உத்தியோகஸ்தர் அதை எப்படி வாசிக்கிறார் என்று கவனித்தால் சுவாரசியமாக இருக்கும். முதற் பக்கத்தை விட்டுவிட்டு, தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்களைத் தேடி விரல் இறங்குகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. வலப்புறத்தில் இருக்கவேண்டிய அளவு 70 முதல் 99 வரை என்று போட்டிருக்கிறது. “பார்டர்லதான் சார் இருக்கு, எனக்கு மூணு வருஷமா இப்படித்தான்” என்று அடுத்த நாற்காலியிலிருந்து ஆறுதல் வருகிறது. காகிதம் மேஜையின் கீழ் இழுப்பறைக்குள், சென்ற ஆண்டுக் காகிதத்தின் மேல் போகிறது. நோயைத் தடுப்பதற்கு ஏற்ற காலம் அந்த 112 தான். ஆனால் மனிதனுக்கு அது தண்டனையிலிருந்து கிடைத்த விடுதலைபோல் தோன்றுகிறது.

ஜப்பானியர் இந்தக் காகிதத்துக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008 ஏப்ரல் முதல், 40 முதல் 74 வயதுவரை உள்ளவர்களின் இடுப்பை அங்கே அளக்கிறார்கள். ஆண்களுக்கு 85 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எல்லை. அதைத் தாண்டி, இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கொழுப்போ மிகுந்திருப்பவர்களுக்குச் சுகாதார ஆலோசனை ஏற்பாடு செய்யப்படுகிறது. இந்த எல்லைக்கோடே ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு வாய்ப்பாக அமைந்தது: 84.9 உள்ளவனுக்கும் 85.1 உள்ளவனுக்கும் தேகத்தில் பேதம் ஒன்றுமில்லை, ஆலோசனை வந்ததும் வராததும்தான் பேதம். அவ்விதம் ஒப்பிட்டு 2020ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் இடுப்பளவு ஏறக்குறைய மூன்றிலொரு சென்டிமீட்டர் குறைந்ததாகத் தெரிந்தது. இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் மாறுதல் இல்லை. அளவுநாடா பொய் சொல்லவில்லை. அது சொன்னதைக் கேட்டவன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

அவனைச் சோம்பேறி என்று ஏசுவது எளிது. ஆம்ஸ்டர்டாம் நகரில் டேனியல் ரீட், பார்பரா வான் லூவன் என்ற இருவர் 1998ல் வெளியிட்ட ஓர் அழகிய பரிசோதனையைப் படித்தவர்கள் அப்படி ஏச மாட்டார்கள். பல நிறுவனங்களில் வேலை பார்த்த ஊழியர்களிடம் சென்று, அடுத்த வாரம் இன்ன நாளில் உங்களுக்குச் சிற்றுண்டி கொண்டுவருவோம், பழம் வேண்டுமா, சாக்லெட்டு வகையறா வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டார்கள். பழம் கேட்டவர்கள் பலர். குறித்த நாளில் சிற்றுண்டியோடு வந்து, இப்போது இஷ்டம்போல் மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்றபோது, பழம் கேட்டவர்களில் கணிசமானோர் சாக்லெட்டின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சாப்பிட்டவுடன் வருவதைவிட மாலையில், பசியெடுக்கும் நேரத்தில் வரும் என்று சொல்லிக் கேட்டபோது சபலம் இன்னும் மிகுந்தது. திங்கட்கிழமைக் காலையில், வியாழக்கிழமை மாலைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சுண்டல் என்று மனப்பூர்வமாகச் சொல்லும் நம் ஊர் உத்தியோகஸ்தரும், வியாழன் மாலை நாலு மணிக்கு எவர்சில்வர் தட்டில் வாழைக்காய் பஜ்ஜி ஆவி பறக்க வரும்போது பஜ்ஜியை எடுக்கும் அதே உத்தியோகஸ்தரும் ஒருவரே ஆனாலும், தீர்மானித்த வேளை வேறு. அவருக்கு ஊக்கம் இல்லை என்பது சரியன்று. திங்கட்கிழமை அது நிறைய இருந்தது. பஜ்ஜித் தட்டு வரும் வேளைக்கு அதைக் கொண்டுவந்து சேர்க்கத்தான் ஒருவரும் இல்லை.

பணத்தால் அதைக் கொண்டுவந்து சேர்க்க முடியுமா என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் சோதித்திருக்கிறார்கள். மிதேஷ் பட்டேலும் சகாக்களும் 2016ல் வெளியிட்ட பரிசோதனையில், எடை மிகுந்த 281 ஊழியர்களுக்கு நாளொன்றுக்கு 7,000 அடிகள் நடப்பது இலக்கு. ஒன்றும் பெறாதவர்கள் 100 நாளில் 30 நாள் இலக்கை எட்டினார்கள். நடந்த நாளுக்கு 1.40 டாலர் என்று கொடுத்தபோது 35 நாள். மாதத் தொடக்கத்திலேயே 42 டாலரை உன்னுடையது என்று கணக்கில் வைத்துவிட்டு, நடக்காத நாளுக்கு அதே 1.40 டாலரைக் கழித்தபோது 45 நாள். தொகை ஒன்றே; பெறுவதாக நினைத்தவனைவிட இழப்பதாக நினைத்தவன் அதிகம் நடந்தான். ஆனால் பணம் நின்ற பிறகு அந்த வித்தியாசமும் நின்றுவிட்டது. புகைப் பழக்கத்தை விடுவதில் மட்டும் பணத்துக்குச் சற்று நிலையான செல்வாக்கு இருப்பதாகத் தெரிகிறது: ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் 878 ஊழியர்களிடம் நடத்திய பரிசோதனையில், 750 டாலர் வரை பெறும் வாய்ப்பு இருந்தவர்களில் ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் 14.7 சதவீதமும், அந்த வாய்ப்பு இல்லாதவர்களில் 5 சதவீதமும் புகைப் பழக்கத்தை விட்டிருந்தார்கள். சிகரெட்டை ஒரு தடவை விட்டால் நாளடைவில் ஏக்கம் தணிகிறது. நடையையோ ஒவ்வொரு நாளும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் அபிப்பிராயத்தில், இந்த விஷயத்தில் மிகவும் உற்று நோக்கத் தக்க சான்று லண்டனிலேயே இருக்கிறது. 1967ல் தொடங்கி, வைட்ஹாலில் வேலை பார்த்த சுமார் 18,000 அரசாங்க ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், உச்சியிலிருந்த நிர்வாகிகளைவிடக் கடைசிப் படியிலிருந்த சேவகர்களும் காவலர்களும் இருதய நோயால் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இறந்தார்கள் என்பதை மைக்கேல் மார்மட்டும் சகாக்களும் கண்டார்கள். இவர்களில் எவரும் பட்டினி கிடந்தவரல்லர். எல்லோருக்கும் நிரந்தர உத்தியோகம், எல்லோருக்கும் இலவச வைத்தியம். புகை பிடிப்பவர்கள் மேல் படியில் 100க்கு 29. கடைசிப் படியில் 61. புகையின் தீங்கை விளக்கி லண்டன் ராயல் வைத்தியக் கல்லூரியார் வெளியிட்ட அறிக்கை 1962லேயே வந்து, நாடெங்கும் பேசப்பட்டிருந்தது. செய்தி இருவருக்கும் ஒன்றே. அதன்படி நடந்துகொள்ளும் சக்தி மட்டும் படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது. புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் அந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவாகவே விளங்கியது. 1985ல் 10,308 ஆண் பெண் ஊழியர்களோடு தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தம் வேலையை எப்போது எப்படிச் செய்வது என்பதில் தமக்கு அதிகாரம் குறைந்தவர்களுக்கே இருதய நோய் அதிகம் வருகிறது என்று சுட்டியது.

இதுவும் கண்டு எழுதிய ஆய்வுதானே தவிரக் குலுக்கிப் பிரித்த பரிசோதனையன்று. ஆகையால் ஜாக்கிரதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் காரியாலயத்தில் சில நாள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பவருக்கு இதன் உண்மை விளங்காமற் போகாது. மதியம் சாப்பிட்டபின் இருபது நிமிஷம் வெளியே நடந்துவிட்டு வரும் மானேஜரை ஒழுக்கசீலர் என்கிறோம், அதே இருபது நிமிஷம் இடத்தில் காணப்படாத குமாஸ்தாவை “எங்கேப்பா போனே?” என்று கேட்கிறோம். ஆரோக்கிய வாரம் கொண்டாட யோகாசன ஆசிரியரை அழைத்து வருவதற்கு ஒரு கையெழுத்துப் போதும், ஐந்தரை மணிக்குக் கூட்டம் கூட்டுவதை விட்டுவிடச் சொல்ல எவருக்கும் துணிவில்லை. லிப்ட் வாசலுக்கு நேரே, கண்ணாடி பதித்து, வெளிச்சமாக நிற்கிறது. படிக்கட்டோ கனமான தீத்தடுப்புக் கதவுக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய பைல் கட்டுகளுக்கும் நடுவே, பல்பு எரியாமல் கிடக்கிறது. அதில் ஏறுவதற்கு ஒருவனுக்கு உண்மையாகவே அசாதாரண வைராக்கியம் வேண்டும். அந்த வைராக்கியம் ஊழியரிடம் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் நிர்வாகம், பல்பைப் போட்டுப் பார்க்கலாம்.

இனி, பலித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அது நம் சென்னையிலிருந்து வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் உத்தியோகம் பார்க்கும் நடுத்தர வர்க்கத்தாரிடையே, வேலை செய்யும் இடங்களிலேயே அறிவிப்புச் செய்து, நீரிழிவின் முந்திய நிலையிலிருந்த 531 பேரைத் தேர்ந்து மூன்றாண்டுகள் தொடர்ந்தார்கள். 2006ல் வெளியான முடிவின்படி, சாதாரண ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்கு ஆளாகியிருக்க, உணவையும் நடையையும் திருத்திக்கொள்ளத் தொடர்ந்து உதவி பெற்றவர்களில் 39 சதவீதத்தினரே ஆளானார்கள். மற்றொரு பிரிவினருக்குக் கொடுத்த மெட்பார்மின் என்ற நீரிழிவு மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் காத்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் லாபம் இல்லை.

தொடர்ந்து உதவுவதற்கு ஆளும் பணமும் எங்கே என்ற கேள்விக்கு அதே குழுவினர் 2013ல் பதில் கொடுத்தார்கள். வேலை பார்க்கும் ஆண்கள் 8,741 பேரைப் பரிசோதித்து, முந்திய நிலையிலிருந்த 537 பேரைப் பிரித்து, எல்லோருக்கும் தொடக்கத்தில் ஒரே ஆலோசனையைச் சொல்லிவிட்டு, பாதிப் பேருக்கு மட்டும் வாரத்துக்கு இரண்டு முதல் நாலு குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். மாறுவதைப் பற்றி இன்னும் யோசிக்கவே தொடங்காதவனுக்கு ஒரு விதமாகவும், யோசிக்கிறவனுக்கு ஒரு விதமாகவும், தொடங்கிவிட்டவனுக்கு ஒரு விதமாகவும், அவரவர் மனநிலைக்குத் தக்கவாறு செய்திகள் எழுதப்பட்டன. இரண்டாண்டு முடிவில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதமும் பெற்றவர்களில் 18 சதவீதமும் நீரிழிவுக்கு ஆளாகியிருந்தார்கள். ஆலோசனை இருவருக்கும் ஒன்றாக இருந்தும் பலன் வேறுபட்டதற்குக் காரணம், திங்கட்கிழமைத் தீர்மானத்தை மற்ற நாட்களிலும் யாரோ ஒருவர் சட்டைப்பையிலிருந்து நினைவூட்டிக்கொண்டிருந்ததே என்று நான் எண்ணுகிறேன். செலவோ, சில பைசாக்கள்.

முதலிற் சொன்ன 531 பேர் பரிசோதனையில் சிறிய குறிப்பு ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலோர் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தினம் அரைமணி வேகமாக நடக்க வேண்டும் என்ற அறிவுரை எல்லோருக்கும் கொடுக்கப்படவில்லை. வேலையிலேயே உடலுழைப்பு உள்ளவர்களையும், ஏற்கெனவே தினம் அவ்வளவு நடந்துகொண்டோ சைக்கிள் மிதித்துக்கொண்டோ இருந்தவர்களையும் தனியே பிரித்து, இப்போது செய்வதையே தொடர்ந்து செய்துவாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.